அடியில் இருந்தது மணல்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பர்மிய மரியாதைப்படி நாம் ஊ ஆமிர் என்றழைக்கும் சங்கத் தலைவர் அவர்களே, படகு முதலாளி ஊ ஆசிக் அவர்களே, பெண்கள் பக்கம் அமர்ந்திருக்கும் காக்காவின் மனைவி மைமூன் ராத்தா, மகள் பரீதா, இந்தப் போட்டாதாங் படகுத்துறையில் வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே! உங்கள் அனைவர் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும்.

என் பெயர் ஜாபர். மறைந்த முத்து முகம்மது காக்கா தண்டேலாகத் தலைமை ஏற்று நடத்திய பாய்மரப் படகில் பதினோரு வருடம் நான் பண்டாரி, அதாவது சமையல்காரன். எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகப் பேசினார்கள். எனக்கு அது வராது. அடுப்பை ஊதி ஊதித் தொண்டை கெட்டுப்போனவன் நான்.

எப்படிப்பட்ட தண்டேல் அவர்! தெற்கே தவாயிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றி வருவோம். படகில் பாதிப்பேர் நம் பேச்சுத் தெரியாத பர்மியர்கள். ஆனால் அவர் "ஆவேசு!" என்றால் பாய் ஏறும், "ஆரியா!" என்றால் இறங்கும். ஒருமுறை நான் காய்ச்சலில் கிடந்தபோது அவரே கஞ்சி காய்ச்சி ஊட்டினார். காய்ச்சலைத் தாங்கிவிட்டேன், அந்தக் கஞ்சியைத் தாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது!

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். இனி நான் சொல்லப்போவது சிரிப்பதற்கு இல்லை.

இந்தத் துறையில் அவரை எப்படி அழைத்தோம்? மணல் தண்டேல்! தொண்ணூறாம் வருடம் ஆற்று முகத்துவாரத்தில் படகை மணல் திட்டில் ஏற்றி உடைத்தவர் என்று பதினான்கு வருடம் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தோம். அந்தப் படகை உடைத்தது யார்?

சொல்கிறேன். கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கித்தான் ஆழம் பார்ப்போம். குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஆட்டுக்கொழுப்பை அப்பி இறக்கினால் கடலடி மண் ஒட்டிக்கொண்டு வரும். சேறு வந்தால் வழி சரி. மணல் வந்தால் திட்டு நெருங்குகிறது, திருப்ப வேண்டும். கொழுப்பைக் காத்து வைப்பது பண்டாரியின் பொறுப்பு. முகத்துவாரத்தில் குண்டு போடுவதும் நான்தான்.

அந்த வெள்ளிக்கிழமை நெய்ச்சோறு ஆக்கினேன். நெய் தீர்ந்துபோயிருந்தது. குண்டுக்கு வைத்திருந்த கொழுப்பை எடுத்து உருக்கி ஊற்றிவிட்டேன். எல்லோரும் விரலைச் சூப்பிச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை மூடுபனி. படகின் மூக்கில், முன்னணியத்தில் நின்ற நான், பின்னால் சுக்கானில் இருந்த அவருக்குத் தெரியவில்லை. குண்டு மேலே வந்தது, குழியில் ஒன்றுமே ஒட்டவில்லை. கொழுப்பு இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கம். "அஞ்சு பாகம் ஆழம், சேறு!" என்று கத்தினேன். மறுபடியும் "சேறு!" மூன்றாவது முறை வாயைத் திறப்பதற்குள் படகு திட்டில் ஏறிவிட்டது. நீர் வற்றியதும் அடிமரம் முறிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, அல்லாஹ் காப்பாற்றினான்.

அவர் வந்தார். குண்டைத் திருப்பிப் பார்த்தார். குழியில் விரலை விட்டுத் தடவினார். என் முகத்தைப் பார்த்தார்.

"சோறு ருசியாத்தான்டா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான்.

விசாரணையில் முதலாளி கேட்டார். "பனியில என் திசை தப்பிருச்சு மொதலாளி" என்றார் காக்கா. வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "குண்டு போடுறவன் குரல் தண்டேலோட குரல்டா. படகுல அதுதான் முறை. ஒன்னைச் சொன்னா எவன் ஒன்ன அடுப்படியில விடுவான்? என்னையன்னா நாலு நாள் ஏசுவாங்க, போ" என்றார்.

நாலு நாளா ஏசினோம்? அதற்குப் பிறகு ஒருவராவது அவருக்குப் படகு கொடுத்தோமா? கடலை அளந்தவர் இதே துறையில் தார்ப்பாய் தைத்துக் காலம் கழித்தார். எதிரிலேயே நான் சாப்பாட்டுக் கடை போட்டு நன்றாக இருந்தேன். என் காதுபட அவரைக் கேலி செய்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பாவி, நானும் சேர்ந்து சிரித்தேன்!

இரங்கல் கூட்டத்தில் அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்வது வழக்கம். அவர் பணியைப் பிடுங்கியவனே நான்தான். நான் எதைத் தொடர்வது? முதலாளி அவர்களே, உங்கள் படகை உடைத்தவன் நான். என்ன செய்வதானாலும் செய்யுங்கள். தலைவர் அவர்களே, நீங்கள் வாசிக்கப்போகும் தீர்மானத்தில் "மணல் தண்டேல்" என்று அன்பாக எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அதை அடித்துவிட்டு வாசியுங்கள். நாளை காலையிலிருந்து ஒவ்வொரு துறையாகப் போய் இதையே சொல்வேன். தவாய் வரைக்கும் போவேன்.

ராத்தா, உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. பரீதா, பள்ளிக்கூடத்தில் உன்னை மணல் தண்டேல் மகள் என்று கேலி செய்தார்கள் என்று நீ அழுதுகொண்டு வந்தபோது, என் கடையில் உட்கார வைத்துப் பலகாரம் கொடுத்து அனுப்பினேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

உன் வாப்பா எந்தத் தப்பும் செய்யவில்லையம்மா.