ஜெயித்தவன் துலக்க வேண்டும்

பித்தளையைத் துலக்கப் புளியை மிஞ்சிய சரக்கு கிடையாது ஐயா. டப்பாவில் விற்கிற பாலிஷ் எல்லாம் வெறும் பார்வைக்குத்தான். பழம்புளியில் உப்புப் போட்டுப் பிசைந்து தேய்த்து, சாம்பலால் ஒரு கை காட்டி, கடைசியில் பழைய மல்துணியால் துடைத்தால் பியூகிளில் முகம் பார்த்து மீசை வெட்டலாம். நீங்கள் அந்தத் துணியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? வருகிறேன்.

என் பெயர் அருள்நாதன். துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டுகிறேன். ராயபுரத்தில் எங்கள் கோயில் பேண்டுக்கு மாஸ்டர். ஊதுகிற பியூகிளும் அடிக்கிற டிரம்மும் மட்டும்தான் எங்கள் பேண்டு. கல்யாண ஊர்வலத்துக்குப் போய் சினிமாப் பாட்டு வாசிக்கிற வேலை எங்களிடம் கிடையாது.

திருநாளின் கடைசி ஞாயிறு கோயில் மைதானத்தில் போட்டி நடக்கும். எண்ணூர், புளியந்தோப்பு, திருவொற்றியூர் என்று எல்லாப் பக்கத்துப் பேண்டும் வரும். இதில் மத வித்தியாசம் இல்லை. திருவொற்றியூர்க்காரர்களில் பாதிப்பேர் நெற்றியில் திருநீறோடு வந்து ஊதுவார்கள்.

போட்டியை ஆரம்பித்துவைத்த வெள்ளைக்காரச் சாமியார் ஒரு வழக்கம் வைத்துவிட்டுப் போனார். ஈஸ்டருக்கு முன்னால் பெரிய வியாழக்கிழமை சாமியார் குனிந்து ஜனங்களின் பாதம் கழுவுகிறார் இல்லையா, அந்த மாதிரி. போன வருஷம் ஜெயித்த பேண்டின் மாஸ்டர், போட்டிக்கு முதல்நாள் சாயங்காலம், வந்திருக்கிற எல்லாப் பேண்டின் பியூகிள்களையும் தன் கையாலேயே துலக்கிப் பீடத்தின் முன்னால் அடுக்க வேண்டும். சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த பிறகு அவரவர் எடுத்துக்கொள்ளலாம். ஜெயித்தவனுக்குத் தலைக்கனம் வந்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். நல்ல மனுஷர். ஒருவனே வருஷா வருஷம் ஜெயித்தால், எதிராளிகளின் பியூகிள் எல்லாம் வருஷா வருஷம் அந்த ஒருவன் கையில்தான் வந்து விழும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நாங்கள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தோம்.

முதல் தடவை கேடயம் வந்தபோது ராயபுரமே எங்களைத் தூக்கிக்கொண்டு ஆடியது. அப்புறம் பழகிவிட்டது. கேடயம் மாட்டின ஆணி துருவேறிச் சுவரோடு சுவராகிவிட்டது. நாங்கள் ஜெயித்தால் அது செய்தி இல்லை, தோற்றால்தான் செய்தி என்று ஆகிவிட்டது. மீன்கூடையோடு போகிற கோவிந்தம்மா கூட என்னைப் பார்த்தால், "இன்னா நைனா, இந்த வருசமாச்சும் எவனாச்சும் உங்கள ஒதைப்பானா?" என்று கேட்பாள். விளையாட்டுக்குத்தான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

நீங்கள் எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருந்ததில்லை. அதனால் உங்களுக்கு இது புரியாது. குறையாகச் சொல்லவில்லை.

எங்கள் ஜெயிப்பு முழுவதும் ஒரே ஆள் நெஞ்சுக்குள் இருந்தது. அவன்தான் அம்புரோஸ். கரி இறக்குகிற பெர்த்தில் மூட்டை தூக்குகிறவன்.

போட்டியின் முடிவில் 'நீட்டு' என்று ஒன்று உண்டு. டிரம் எல்லாம் ஒரே அடியில் நின்றுவிடும். ஒரே ஒரு பியூகிள் மட்டும், ஒரே ஒரு சுரத்தை, மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். ஊதுகிறவன் கொடிமரத்தடியில் நிற்பான். மாஸ்டர் கையில் கோலோடு கோயில் வாசலிலிருந்து அவனைப் பார்த்து நடந்து வருவார். கோல் கொடிமரத்தைத் தொட்டால்தான் அவன் வாயை எடுக்கலாம். நடுவில் அறுந்தால் போச்சு. எவ்வளவு மெதுவாக நடப்பது என்பது மாஸ்டர் இஷ்டம். நடை மெதுவாக ஆக ஆக மார்க்கு ஏறும்.

அம்புரோஸ் இருந்ததால் நான் தேர் மாதிரி நடப்பேன். அவனே கேலி செய்வான். "மாஸ்டரே, நீ கொடிமரத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள என் மவன் ஸ்கூலு முடிச்சிட்டு வேலைக்கே பூடுவான்!"

ரூபாய்க்குப் படி அரிசி என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருஷம், தவக்காலம். பயிற்சி முடிந்ததும் என் தோளில் கிடந்த மல்துணியை எடுத்து அம்புரோஸ் பியூகிளின் வாயைத் துடைத்தான். துணி திரும்பி வந்தபோது அதில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது.

"வெத்தல போட்டியாடா?"

"இல்ல மாஸ்டரே. பல்லுல இன்னாவோ பேஜாரு."

அடுத்த வாரம் அவன் பெண்டாட்டி ஹில்டா என் வீட்டுக்கு வந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பேசினாள். "அண்ணே, டாக்டரு படம் புடிச்சிப் பாத்தாரு. நெஞ்சுல ஓட்ட கீதாம். டி.பி.யாம். தாம்பரம் ஆஸ்பத்திரில படுக்கவச்சி ஊசி போட்டா தேறிடும்ன்றாரு. இனிமே ஊதவே கூடாதாம். இந்த மனுசன் என் பேச்சக் கேக்க மாட்றாரு. நீ சொன்னா கேப்பாரு அண்ணே."

நான் சொல்கிறேன் என்றேன். தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறான், படுக்கைக்கு நானே ஏற்பாடு செய்கிறேன், நீ அங்கேயும் இங்கேயும் அலையாதே தங்கச்சி என்றும் சொன்னேன். அவள் முகம் எப்படித் தெளிந்தது தெரியுமா? காலில் விழாத குறை. அங்கே எனக்கு எவனையும் தெரியாது. ஒரு பொம்பளை அழுதால் எனக்குப் பார்க்கப் பொறுக்காது ஐயா. அதற்காகச் சொன்னதுதான்.

அதற்குப் பிறகு அவள் கேட்கிறபோதெல்லாம், "படுக்கை இன்னும் காலியாகலியாம்மா" என்பேன். நம்புவாள். கிட்டத்திலேயே தர்ம ஆஸ்பத்திரியில் சாயங்காலம் ஊசி போட்டார்கள். அதே நேரத்தில்தான் எங்களுக்குப் பயிற்சி. மாற்றலாமா என்று யோசித்தேன். டிரம்காரர்களுக்கு ஷிப்டு ஒத்துவரவில்லை.

இதெல்லாம் சும்மா விவரத்துக்காகச் சொல்கிறேன். நான் செய்த குற்றம் இனிமேல்தான் வருகிறது.

திருவொற்றியூர் பேண்டில் ராமதாஸ் என்று ஒருவன். கடலுக்குப் போகிறவன். வலை சிக்கினால் முழுகி எடுக்கிற நெஞ்சு அவனுக்கு. ஒவ்வொரு வருஷமும் அவன் நீட்டு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே வந்தது. அம்புரோஸ் நெஞ்சு கரைகிறது, இவன் நெஞ்சு வளர்கிறது. நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்கள்? கர்த்தரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

துலக்குகிற சாயங்காலம் வந்தது. கோயில் பக்கத்து அறையில் நான் தனியாக உட்கார்ந்து, எல்லாப் பியூகிளையும் புதுத் துணியால் துடைத்தேன். ராமதாஸ் பியூகிளின் வாயை மட்டும் அம்புரோஸ் துணியால் துடைத்தேன். அந்தத் துணியை நான் துவைக்கவே இல்லை. காசநோய்க்காரன் தட்டைத் தனியாக வைக்கிறார்கள், டம்ளரைத் தனியாக வைக்கிறார்கள். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். நன்றாக, உள்பக்கமும் சுற்றித் துடைத்தேன். அவசரப்படவில்லை.

மந்திரித்த பிறகு ராமதாஸ் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "யப்பா, இன்னா பளபளப்பு! என் வூட்டுக்காரி பாத்தா இத்த அழிச்சி வளையல் பண்ணிக் குடுன்னுவா மாஸ்டரே." சிரித்தான். நானும் சிரித்தேன்.

அந்த வருஷமும் கேடயம் எங்களுக்குத்தான். மயிரிழையில்.

அப்புறம் காத்திருந்தேன். லீவு நாட்களில் திருவொற்றியூர் கடற்கரைக்குப் போய், மீன் வாங்குகிற சாக்கில் ராமதாஸ் பக்கத்தில் நிற்பேன். இருமுகிறானா என்று காது கொடுத்துக் கேட்பேன். அவன் பாட்டுக்குக் கட்டுமரத்தைத் தோளில் சுமந்துகொண்டு போவான். ஒருநாள் திரும்பிப் பார்த்து, "இன்னா மாஸ்டரே மொறைக்கிற? மீனு வோணுமா, என் மூஞ்சி வோணுமா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு கூறு நெத்திலி வாங்கிக்கொண்டு வந்தேன். கொசுறாக இரண்டு வஞ்சிரத் துண்டு போட்டான். அம்புரோசுக்குக் குழம்பு வைத்துக் கொடுக்கச் சொன்னான். "ஆளு எளச்சிட்டாரே, பாத்துக்கோ" என்றான்.

இந்த வருஷமும் துலக்கினேன். அதே துணிதான். அதில் இப்போது நிறையப் பொட்டுகள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை. ராமதாஸ் எங்களுக்கு முன்னால் ஊதினான். அவர்கள் மாஸ்டர் மாசானம் அப்படி மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை. சத்தம் அறுகிறதா என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அறவில்லை. மைதானமே எழுந்து கைதட்டியது. ராயபுரத்து ஜனம் ஐயா, எங்கள் தெருக்காரர்கள், எங்கள் கோயில்காரர்கள். அவர்களும் தட்டினார்கள். கோவிந்தம்மா விசில் அடித்தாள்.

அம்புரோஸ் கொடிமரத்துக்குப் போகும்போது என் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றான். யூனிபாரம் அவன் உடம்பில் கோணிப்பை மாதிரித் தொங்கியது. "மாஸ்டரே, இன்னிக்குக் கொஞ்சம் வெரசா நடப்பியா?" என்றான். அவன் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

"சரிடா" என்றேன்.

டிரம் நின்றது. அவன் சுரத்தைப் பிடித்தான். சுத்தமாக, ஆடாமல், நூல் பிடித்த மாதிரி. நான் நடக்க ஆரம்பித்தேன். அவன் கண் என் காலிலேயே இருந்தது. பாதித் தூரம் வந்தபோது பியூகிள் வாயிலிருந்து மோவாய்க்கு ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. வெள்ளை யூனிபாரத்தில் அது எடுப்பாகத் தெரியும். கூட்டத்தில் ஹில்டா ஏதோ கத்தினாள். சத்தம் மட்டும் ஆடவே இல்லை. மாசானம் நடந்த நடை எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதைவிட ஒரு பிடியாவது கூட வேண்டும்.

நான் நடையை மாற்றவில்லை.

கோல் கொடிமரத்தைத் தொட்டது. அம்புரோஸ் வாயை எடுத்தான். என்னைப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்தான். ராமதாஸ்தான் ஓடிவந்து அவனைத் தூக்கி ரிக்‌ஷாவில் மடியில் போட்டுக்கொண்டு போனான். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உயிர் இருந்ததாம்.

கேடயம் எங்களுக்குத்தான். ஒருமனதாக.

கல்லறையில் திருவொற்றியூர் பேண்டும் வந்து வரிசையில் நின்றது. ராமதாஸ் என்னிடம் வந்து, "மாஸ்டரே, நம்மாளு பியூகிளையே நானு ஒருதபா ஊதட்டா?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் ஹில்டா எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவன் அதைத் துடைக்கக்கூட இல்லை. ஊதி முடித்து, பெட்டி இறங்கும்போது இருமினான்.

அந்த இருமலுக்குத்தான் நான் ஒரு வருஷம் காத்திருந்தேன். மண் தூசியாக இருக்கலாம், அழுகையாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். முடியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் துணியைப் பற்றிச் சொன்னேன். அவர் "போலீசுக்குப் போ" என்றார். வந்துவிட்டேன். நீங்களும் ராமதாசை உடனே நெஞ்சைப் படம் எடுக்க அனுப்பினீர்கள். ரொம்ப உபகாரம்.

என்ன சொல்கிறீர்கள்? ஒன்றுமில்லையா? நெஞ்சு சுத்தமாக இருக்கிறதா?

துணியில் ஒட்டிக்கொண்டெல்லாம் அந்த நோய் வராது என்று டாக்டர் சொன்னாரா? சிரித்தாரா?

அப்படியானால் ராமதாசுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. என் நினைப்பு மட்டும்தான். நினைப்புக்கு உங்கள் சட்டத்தில் இடம் இல்லை என்கிறீர்கள். சரி. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஹில்டாவா? வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளா? எதற்கு? தாம்பரத்துக்கே போய் விசாரித்துவிட்டு வந்தாளா? படுக்கை அப்போதே இருந்ததாம், அம்புரோஸ் பேரைச் சொல்லி யாரும் வந்து கேட்கவே இல்லையாம். இருக்கலாம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் ஐயா?

நான் குற்றத்தைச் சொல்ல வந்தேன், சொல்லிவிட்டேன். துணி விஷயத்துக்கு என்னை உள்ளே தள்ளுங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் அம்புரோஸ் விஷயத்தில் யாரும் என்மேல் ஒரு சொல் சொல்ல முடியாது. அவனை யாரும் தோற்கடிக்க நான் விடவில்லை. கடைசி நாள்கூட அவன் மூச்சு எவ்வளவு நீளம் என்று ஊரே கேட்கட்டும் என்றுதான் அப்படி நடந்தேன்.

அவளை உள்ளே கூப்பிடுங்கள். நானே பேசித் தேற்றுகிறேன். சின்ன வயசிலிருந்தே எனக்கு இது ஒரு பலவீனம். ஒரு பொம்பளை அழுதால் எனக்குப் பார்க்கப் பொறுக்காது.