தனி அறை

காபி நன்றாக இருக்கிறது, மேடம். நான் வேலை செய்யும் சலவைக்கூடத்துக் காபி இயந்திரத்தில் வருவது வெறும் வெந்நீர்தான்.

அங்கேதான் இந்த ஊர் மொழியைக் கற்றேன். விடுதிகளின் படுக்கை விரிப்புகளை மடித்தபடி, மேற்பார்வையாளர் திட்டத் திட்டக் கற்றேன். கைம்பெண்ணாக, இடுப்பில் பிள்ளையோடு இந்த நாட்டுக்கு வந்தவள் நான். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளை இப்போது லாரி ஓட்டுகிறான். போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். அவனுக்கு எங்கள் ஊரிலிருந்து நான்தான் பெண் பார்த்துக் கொண்டுவந்தேன். தங்கமான பெண், அதிர்ந்து பேசமாட்டாள். இந்த ஊர்ப் பேச்சு ஒரு சொல்கூடத் தெரியாது. எதற்கும் "அத்தை" என்று என்னிடம்தான் வரவேண்டும். அது எனக்குப் பிடித்திருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

எதிர்வீட்டுத் தையல்காரி நடுவில் புகுந்தாள். வேறு நாட்டுக்காரி. அவளுக்கும் மருமகளுக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. கையாட்டியே பொழுதுக்கும் பேசினார்கள். நான் வேலைவிட்டு வந்ததும் சிரிப்பு சட்டென்று நின்றுவிடும். என்னைக் கண்டு எதற்கு நிற்கவேண்டும்? ஒருநாள் படிக்கட்டிலேயே நின்று காதுகொடுத்தேன். தையல்காரி இந்த ஊர்ச் சொற்களைச் சொல்லச் சொல்ல, இவள் பள்ளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்கிறாள். கடை. வேலை. தனி அறை.

தனி அறை என்ற சொல் ஒரு மருமகளுக்கு எதற்கு?

அப்போது அவள் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலி என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், தாயின் உயிருக்கே ஆபத்து. மருமகளிடம் நான் அதைச் சொல்லவில்லை. வீணாகப் பயந்துவிடுவாள்.

அந்த வாரம் செவிலி நேரில் வராமல் போனில் கூப்பிட்டாள். மருமகள் என் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தலை பிளக்குது அத்தை. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது. சொல்லுங்க அவங்ககிட்ட."

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் தனியாக உட்காரவைத்து வீட்டு விஷயமெல்லாம் கேட்பார்கள். அங்கே எங்கள் மொழி பேசுகிறவள் ஒருத்தியும் இருக்கிறாள். இவள் என்னவெல்லாம் சொல்லிவைப்பாளோ, யார் கண்டது? ஒரு குறையும் இல்லை, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறாள் என்று செவிலியிடம் சொன்னேன்.

"என்ன சொன்னாங்க அத்தை?"

"எல்லாருக்கும் வர்றதுதானாம். படுத்து எந்திரிச்சா சரியாயிடுமாம்."

"அப்பாடா," என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மறுநாள் கதவை வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். மயக்கத்தில் வெளியே போய் விழுந்துவிடக்கூடாதே. அவளுக்கு வலிப்பு வந்தபோது தையல்காரி கதவை இடித்துக்கொண்டே இருந்தாளாம். ஆட்கள் வந்து பூட்டை உடைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குழந்தையை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது.

ஆமாம் மேடம், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். செவிலி சொன்னதும் புரிந்தது, இவள் சொன்னதும் புரிந்தது. தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன். தெரிந்தேதான் பூட்டினேன். குடும்பம் பிரியக்கூடாது என்பதைத் தவிர என் மனதில் வேறொன்றும் இல்லை. மகன் இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. தையல்காரி ஏதாவது ஓதியிருப்பாள்.

குழந்தையைச் சீக்கிரம் என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள். தாயில்லாப் பிள்ளை. என்னை விட்டால் அதற்கு யார் இருக்கிறார்கள்?