முன்னுக்கு வந்த குதிரை

கென்னடி நிலையத்துக்குப் போகும் சப்வே ரயிலில் இருக்கைகள் பெரும்பாலும் காலியாகவே இருந்தன. சேற்றுச் சப்பாத்துப் போட்ட இளைஞர் ஒருவர் மட்டும் இருக்காமல் கதவுக்கும் கம்பிக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தார்.

“முன்னுக்கு வந்ததுக்கு ஏச்சு வாங்கின குதிரையைக் கண்டிருக்கிறீங்களோ, அண்ணை?”

கதவோர இருக்கையில் இருந்த பெரியவர் பத்திரிகையை மடித்தார். “நீ வேலை செய்யிற லாயத்துக் குதிரையோ?”

“ஓம். முந்தி அது நரிவேட்டைக் கிளப்புத் தலைவரின்ர ரேஸ் குதிரை. ஒருநாளும் வெல்லேல்லையெண்டு கிளப்பிலை இன்னொருத்தருக்குக் குடுத்திட்டார்.”

“பிறகு?”

“நேற்று வேட்டையிலை கொம்பு ஊதினதுதான், தலைவரையே முந்திக்கொண்டு போட்டுது. அங்கை தலைவரை ஒருத்தரும் முந்தக்கூடாது. ஏறியிருந்த மனுசனை எல்லாருக்கும் முன்னாலை வீட்டை போகச் சொல்லிப்போட்டார்.”

“நரி?”

“அது தன்ர பாட்டிலை போட்டுது. பின்னேரம் தலைவர் தனிய வந்தவர். குதிரையின்ர காலைத் தடவிக்கொண்டு, இந்தக் குதிரையைத் திரும்ப ரேசிலை விடலாமோ எண்டு என்னட்டைக் கேட்டவர்.”

“நீ என்ன சொன்னனி?”

இளைஞர் மறுபடி கதவுவரை போய் வந்தார்.

“உது இப்ப உங்கட குதிரையில்லை எண்டிட்டன், அண்ணை. ஆனா லாயம் இன்னும் அவரின்ரதான்.”