நாயுருவிப் பொடியும் என் இடது புருவமும்

சாப்பாட்டுக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சார். இப்படிப் பொட்டலம் கட்டிய சோறு, நாசி புங்குஸ் என்றால் எனக்குப் பிரியம்தான். கோழிக் குழம்பு, இலையையும் காகிதத்தையும் தாண்டி மணக்கிறது. மேசை ஓரத்திலேயே இருக்கட்டும். பிறகு சாப்பிடுகிறேன்.

பொடியைப் பற்றித்தானே கேட்டீர்கள். நாயுருவிப் பொடியால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது. காலையில் உங்கள் கண் முன்னாலேயே ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துக் காட்டினேனே. சோதனைக்கு அனுப்பிய பொடியிலும் விஷம் எதுவும் இல்லையாம். கேஸ் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். நல்ல மனிதர் நீங்கள். ஆனால் பசியைக் குறைக்கும் பொருளும் அதில் இல்லை என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னீர்கள், பாருங்கள். அதற்காகத்தான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறேன். பொடியில் ஒன்றுமே இல்லையென்றால் என் மனைவி நல்லம்மாள் எப்படி அப்படி இளைத்தாள் என்று நீங்கள் கேட்கவேயில்லை.

நான் கேரி தீவில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் குலைகளை எடை போட்டுக்கொண்டிருந்தவன். இராமலிங்கம் என்று பெயர் இருந்தும் தோட்டத்தில் என்னைப் புளுகுலிங்கம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆற்று முதலை என் சைக்கிளைக் கவ்விக்கொண்டு வந்து வீட்டு வாசலில் விட்டுப் போனது, துரையின் நாய் என்னிடம் தமிழில் கடன் கேட்டது, இப்படி ஏதாவது சொல்வேன். பொய் இல்லை, கதை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கதை முடிந்ததும் என் இடது புருவம் மேலே ஏறும். அதைப் பார்த்ததும் எல்லாரும் சிரித்துவிடுவார்கள். நல்லம்மாள் கதையைக்கூடக் கேட்க மாட்டாள், புருவத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஏறியதும், "போங்க, ஒங்களுக்கு வேற வேலயில்ல" என்று என் தோளில் ஒரு தட்டு தட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் எங்கள் வழக்கம்.

வேலை ஓய்ந்ததும் நகரத்துக்கு, பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து, ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு மூலிகைக் கடை போட்டேன். முன்னால் கடை, பின்னால் வீடு. அப்போதுதான் டிவியில் ஏரோபிக்ஸ் காட்டத் தொடங்கியிருந்தார்கள். பெண்களுக்கெல்லாம் இளைக்கிற ஆசை வந்திருந்தது. நாயுருவி அரிசியைப் பாலில் வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டுச் சித்தர்கள் பசியே இல்லாமல் குகையில் கிடந்தார்கள் என்று நம்மவர்கள் சொல்வார்கள் அல்லவா? கிள்ளான் போகிற ரயில் பாதை ஓரமெல்லாம் அந்தச் செடி காடாக மண்டிக் கிடக்கிறது. விதையை உருவிக் காயவைத்து, கொள்ளோடு வறுத்து அரைத்துத் தகர டப்பாவில் அடைத்தேன்.

நான் நேர்மையானவன். வீட்டில் சோதிக்காமல் எதையும் விற்க மாட்டேன். நல்லம்மாளுக்கு நல்ல உடம்பு. அவளுக்குத்தான் முதலில் கொடுத்தேன். காலையில் பொடியைத் தின்பாள். சற்று நேரத்தில், "என்னமோ வயித்தக் கிள்ளுதுங்க" என்று தோசைக்கல்லைப் போடுவாள். கொள்ளு சேர்ந்தால் பசி எடுக்கத்தானே செய்யும். முன்னைவிட இன்னும் பூரித்துப் போனாள்.

ஒரு நாள் மீனலோசனி டீச்சர் கடைக்கு வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வாய் கொஞ்சம் நீளம். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கல்லாவில் உட்கார்ந்திருந்த நல்லம்மாளைப் பார்த்தார்.

"அங்கிள், மருந்து அவ்ளோ நல்ல மருந்துன்னா, ஆன்டி உக்காந்த நாற்காலி ஏன் லா அழுவுது?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நல்லம்மாளும் வயிறு குலுங்கச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ஒரு டப்பாகூடப் போகவில்லை.

மத்தியானம் அவள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் சொன்னேன்.

"கேரி தீவுல பொன்னம்மான்னு ஒருத்தி, ஆளுங்கள வேல வாங்குற மண்டோரோட பொண்டாட்டி, இருந்தா. நீ வர்றதுக்கு முன்ன. இதே பொடியத் தின்னுட்டு, அது ஒடம்புல ஊறி முடியறதுக்குள்ள சோறு தின்னுட்டா. தின்ன சோறு உள்ளயே பொங்க ஆரம்பிச்சிடுச்சு. வயிறு வெடிச்ச சத்தத்துக்குப் போர்ட் கிள்ளான்ல நின்ன கப்பலெல்லாம் பதிலுக்குச் சங்கு ஊதுச்சு."

கப்பல் சங்கு ஊதும் இடத்தில்தான் புருவம் ஏற வேண்டும். நல்லம்மாள் கையில் பிசைந்த உருண்டையோடு பார்த்துக்கொண்டிருந்தாள், உதட்டில் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு. நான் புருவத்தைப் பிடித்து வைத்துக்கொண்டேன். சிரமமாகவே இல்லை, சார். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. உருண்டையும் தட்டுக்கு இறங்கியது.

"நெசமாவாங்க?"

"கஞ்சித் தண்ணி மட்டும் குடி. எப்ப சாப்பிடலாம்னு நான் சொல்றேன்."

சாயங்காலமே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மறுநாளும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கொஞ்ச நாளில் டீச்சர் திரும்பி வந்தார். "என்னா ஆன்டி, மொகமே மாறிப் போச்சு?" என்று வாயைப் பிளந்தார். தனக்கொன்று, தங்கைக்கொன்று என்று டப்பா வாங்கிப் போனார். பிறகு சுங்கை வேயிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். வந்தவர்கள் டப்பாவைப் பார்ப்பதில்லை, நல்லம்மாளைத்தான் பார்த்தார்கள். பழைய ரவிக்கையை அவளுக்குப் போட்டு, தொளதொளப்பை இழுத்துக் காட்டுவேன். காலையில் எழுந்ததும், "இன்னைக்குச் சாப்பிடலாமாங்க?" என்பாள். நான் வாசலை எட்டிப் பார்ப்பேன். ஆட்கள் நின்றிருப்பார்கள். "இன்னும் இல்ல" என்பேன்.

அவளுக்குப் பசிக்காமல் இல்லை. வயிறு உறுமுவது கல்லாவரை கேட்கும். அந்தச் சத்தம் வந்ததும் அப்படியே உறைந்துவிடுவாள். வெடிக்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்து, இரண்டு கையாலும் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல் நிற்பாள். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்கும். பக்கத்தில் முத்து பீவியின் சாப்பாட்டுக் கடை. அங்கே சோறு வடிக்கிற வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்தி, இடுக்கிலெல்லாம் பழந்துணியை அடைப்பாள். ஒரு நாள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "தூக்கத்துல எந்திரிச்சுத் தின்னுடுவேனோன்னு பயமா இருக்குங்க. அலமாரியப் பூட்டிடுங்க" என்றாள். பூட்டினேன். பூட்டச் சொன்னது அவள்தான் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆக, பசியை அடக்கும் மருந்து என்னிடம் இருந்தது, சார். டப்பாவில் இல்லை, அவ்வளவுதான். நீங்கள் அனுப்பிய இடத்தில் பயத்தைச் சோதித்துப் பார்க்க மாட்டார்கள்.

அதற்குள் தைப்பூசம் நெருங்கியது. பத்துமலைக்குப் போகிற நாள் வந்துவிட்டால் நம்மவர்களில் ஒருவர் இளைப்பதை யாரும் ஏனென்று கேட்பதில்லை. விரதம் என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நல்லம்மாளையும் கும்பிட்டார்கள். நான் கும்பிடச் சொல்லவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை. டீச்சர்தான் முதலில் அவள் நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்தார். யாரோ மஞ்சள் சேலை போர்த்தினார்கள். அவளால் அப்போது எழுந்து நிற்க முடியாது. நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தோம். அந்த நாற்காலி அழுவதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, கடை நிறைய ஆட்கள். நல்லம்மாள் உதட்டை அசைத்தாள். டீச்சர் காதை வைத்துக் கேட்டார்.

"சோறு."

"அம்மா சோறு கேக்குது!" என்று டீச்சர் உடம்பு சிலிர்க்கச் சொன்னார். அவ்வளவுதான், ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். தலைவாழை இலை வந்தது. வெள்ளைச் சோறு, சர்க்கரைப் பொங்கல், வடை எல்லாம் ஆவி பறக்க அவள் காலடியில் படைத்தார்கள். கற்பூரத் தட்டை என் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்காரன் நான்தானே. நல்லம்மாள் கையை நீட்டினாள். இலையை நோக்கித்தான் நீட்டினாள், சார். எனக்குத் தெரியும்.

"கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுது, எல்லாரும் விழுந்து வாங்கிக்குங்க" என்றார் டீச்சர். வரிசையாக விழுந்தார்கள். அந்தக் கை ஒவ்வொரு தலையிலும் பட்டுப் பட்டு வழுக்கியது.

முத்து பீவி மட்டும் வாசலில் நின்று கத்தினாள். "அண்ணே, என்னாண்ணே பண்றீங்க? பசிக்குதுன்னு சொல்றாங்க. நானு சோறு போடுறவ, எனக்குத் தெரியாதா பசிச்ச மொகம்? ஒரு வாய் ஊட்டுங்கண்ணே!"

"இது எங்க சாமி விஷயம், ஒங்களுக்குப் புரியாதுக்கா" என்று யாரோ அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

நல்லம்மாள் சோற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். முகத்தை இல்லை, கண்ணுக்கு மேலே பார்த்தாள். பயம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். நடுவில் என் புருவம். கதைதான் என்று நான் சொல்லிவிட்டால், எட்டி அள்ளித் தின்றிருப்பாள். வாயைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. விரற்கடை உயரம் தூக்கினால் போதும். தூக்காவிட்டால் இவள் அடுத்த வெள்ளிக்கிழமை இருக்க மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். நான் கற்பூரத்தைச் சுற்றினேன். தட்டு நேராக நின்றது.

பிறகு படையலைப் பங்கு வைத்தார்கள். எனக்கும் ஒரு தொன்னையில் பொங்கல் வந்தது. நெய் தாராளமாக விட்டிருந்தார்கள்.

பூசத்துக்கு முன்பே அவள் போய்விட்டாள். கண் கடைசிவரை என் புருவத்தில்தான் இருந்தது. முத்து பீவி உங்களிடம் வந்து புகார் எழுதிக்கொடுத்தாள். நீங்கள் என் பொடியை அனுப்பிச் சோதித்தீர்கள். பாவம், பொடி என்ன செய்யும்? நான்தான் செய்தேன். நிதானத்தோடு, தெரிந்தே செய்தேன். இதில் எனக்குப் பயமும் இல்லை, கலக்கமும் இல்லை. ஊரே நம்பிய கதை அது. சொன்னவன் மட்டும் நம்பவில்லை.

பொன்னம்மா என்று யாரும் இல்லை, சார். கேரி தீவில் எந்த வயிறும் வெடிக்கவில்லை, எந்தக் கப்பலும் சங்கு ஊதவில்லை. நானே கட்டியது. இதோ, இப்போது என் இடது புருவம் ஏறியிருக்க வேண்டும். இந்த அறையில் கண்ணாடி இல்லை. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். காலையில் ஒரு கரண்டி பொடி தின்றவன் நான். அப்போதிருந்து வயிற்றுக்குள் ஏதோ உறுமிக்கொண்டே இருக்கிறது.

ஏறவில்லை என்றால், அந்தச் சோற்றுப் பொட்டலத்தை வெளியே கொண்டுபோய்விடச் சொல்லுங்கள், சார். வாசனை வருகிறது.