நியாபகம்

குறிப்பு எழுதும் செயலியைத் தேர்ந்தெடுப்பதில் நான் அவசரப்படவில்லை. பார்க்க அழகாக இருந்ததை எல்லாம் முதலிலேயே கழித்துக் கட்டினேன். எழுதுவது நம் வீட்டுக் கணினியிலேயே இருக்க வேண்டும், கம்பெனிக்காரன் எவனும் எட்டிப் பார்க்கக் கூடாது. என் மனைவி கேட்டதும் அதைத்தான்.

"வெளியாள் யாரும் படிக்கக் கூடாதுங்க," என்றாள். நான் வெளியாள் இல்லையே. செருப்பு அலமாரிக்குப் பின்னால் பழைய கணினி ஒன்றை வைத்துச் செயலியை நிறுவினேன். நிர்வாகியின் கடவுச்சொல் என்னிடம் இருந்தது.

அவள் மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தாள். எல்லாவற்றையும் எழுதி வைப்பாள். அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே யாரென்று கேட்டவர். அந்தப் பயம் இவளுக்கும் உண்டு. நான் தினமும் படித்தேன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒருநாள் மட்டும், வேறு ஊரில் வேலை கிடைத்தால் தனியாகப் போய்விடுவேன் என்று எழுதியிருந்தாள். என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது எனக்கு வலித்தது.

அவள் போகக் கூடாது. அதனால் சின்னச் சின்னதாக மாற்றினேன். இழுப்பறையில் வைத்த சாவி, குறிப்பில் சமையலறைக்குப் போனது. அடுத்து, வெளியூர் வேலைக்கு அவளை அழைத்திருந்த நேர்முகத் தேர்வின் தேதி. அவள் போய் நின்றபோது அலுவலகம் பூட்டிக் கிடந்ததாம். திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள். தலையை வருடிக் கொடுத்தேன். அந்த நாட்களில் நாங்கள் மிகவும் நெருக்கமாக இருந்தோம்.

ஒரு தவறு செய்தேன். எனக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. அவள் எப்போதும் 'நியாபகம்' என்றுதான் எழுதுவாள். என் கை சும்மா இருக்குமா? 'ஞாபகம்' ஆக்கிவிட்டேன்.

கண்டுபிடித்துவிட்டாள். திரையை என்னிடம் காட்டினாள்.

"ஏங்க, இது நான் எழுதினதே இல்ல. எனக்கு இந்த எழுத்து வராதுன்னு நீங்கதானே கிண்டல் பண்ணுவீங்க?"

அவளிடம் மிச்சம் இருந்த சாட்சி அது ஒன்றுதான்.

"நீ எப்பவும் சரியாத்தாம்மா எழுதுவ. நான் எப்ப கிண்டல் பண்ணேன்?" என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என்னைத்தான் நம்பினாள். யாருக்காவது மருந்தை மாற்றிக் கொடுத்துவிடுவோம் என்று பயந்து வேலையை விட்டாள். "இனிமே எனக்குப் பதிலா நீங்களே எழுதிடுங்க," என்று அழுதாள். எழுதினேன்.

அவளுடைய அக்காதான் சந்தேகப்பட்டு அந்தக் கணினியை இந்தக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் தூக்கி வந்தார். மாற்றுவதற்கு முன் இருந்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. மறைக்க ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் மாற்றியவன் நான்தான். ஆனால் நேற்று நீங்கள் அவளையும் விசாரித்தீர்களாம். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, "அவரைக் கேட்டுச் சொல்றேன்," என்றாளாம். உங்கள் வீட்டில் யாராவது உங்களை இந்த அளவுக்கு நம்புகிறார்களா?