கரண்டு போகாவிட்டால்

ஒரே தெருவில் குடியிருந்துகொண்டு விசேஷப் பத்திரிகையைப் போனில் அனுப்புகிறார்கள் தம்பி. நேரில் வந்து நாலு வெற்றிலையை வைத்துக் கூப்பிட்டால் கால் தேய்ந்தா போய்விடும். போன மாதம் எதிர்வீட்டுப் பிரகதாம்பாள் பேத்திக்குக் காதுகுத்து. எனக்கும் போனில்தான் வந்தது. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். நான் அதைப் பெட்டிக்கடையில் காட்டி விவரம் கேட்டுக்கொண்டு வருவதற்குள் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் கேட்டது இதுவல்ல, தெரியும். லைன்மேன் கண்ணன் செத்ததைக் கரண்டாபீசிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அவன் ட்ரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்காமல் கம்பத்தில் ஏறிவிட்டான், அவனுடைய கவனக்குறைவு என்று எழுதப் போகிறீர்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அப்படி எழுதினால் அது பொய். கண்ணன் வேலையில் சுத்தம். அதைச் சொல்லத்தான் வந்தேன். மற்றது சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது என்பதால் மற்றதையும் சொல்கிறேன்.

கஜா புயல் அடித்த வருசம் கீரமங்கலம் பக்கம் கம்பம் எதுவும் நேராக நிற்கவில்லை. எங்கள் தெருவுக்குக் கரண்டு வர வெகுநாள் ஆனது. சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் லக்ஷ்மணன் ஏற்பாடு செய்து ஒரு வாடகை ஜெனரேட்டர் வந்து இறங்கியது. அன்றிலிருந்து என் வீட்டில் கால் வைக்க இடமில்லை. போனுக்குச் சார்ஜ் போட, குடத்தில் தண்ணீர் பிடிக்க, மாவு அரைக்க என்று விடிந்தது முதல் ஆள். என் சம்சாரம் இருளாயிக்கு வந்தவர்களோடு பேசியே தொண்டை கட்டிவிட்டது. தென்னையெல்லாம் சாய்ந்த துக்கத்தில் ஊரே அழுதது. எனக்கு அந்த நாள்கள் குறையாகப் படவில்லை. பிறகு கரண்டு வந்தது. அன்றைக்கே எல்லோரும் போய்விட்டார்கள். அடுத்த வருசம் இருளாயியும் போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு என் வாசலை மிதிக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. கண்ணன் வருவான். வேலை முடிந்து போகும்போது வண்டியை நிறுத்தி ஒரு செம்பு தண்ணீர் கேட்பான், அப்படியே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பான். ஆனால் அவன் லைனைப் பார்க்க வருகிற ஆள். அவனை வீட்டுக்கு வந்தவர்கள் கணக்கில் நான் சேர்த்ததில்லை.

லக்ஷ்மணன் சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவி அனுப்பினான். கிரிக்கெட் பைனல் வருகிறது, ஐம்பது ஓவர், மத்தியானம் தொடங்கினால் ராத்திரி ஆகிவிடும், தெருவில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துப் பாருங்கள் என்றான். எனக்குக் கிரிக்கெட்டில் பந்து எது மட்டை எது என்பதற்கு மேல் தெரியாது. ஆனாலும் சரி என்றேன்.

இடையில் கரண்டு போனால் என்ன செய்வது என்று யோசித்தேன். கடைக்காரன் இன்வெர்ட்டர் போடச் சொன்னான். டிவியும் ரெண்டு ஃபேனும் தாராளமாக ஓடும் என்றான். விற்கிறவன் வேறு எப்படிச் சொல்வான். பேட்டரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாததை நான் நம்புவதில்லை. அதோடு இன்வெர்ட்டர் சத்தம் போடாது. கரண்டில்லாத தெருவில் இந்த வீட்டில் மட்டும் இருக்கிறது என்று வெளியே தெரியவேண்டாமா. அதனால் பந்தல்காரரிடம் சொல்லி ஜெனரேட்டரையே வாடகைக்கு எடுத்தேன். அவர் ஒயரை வீட்டு போர்டில் மாட்டிவிட்டுப் போனார்.

அதைக் கண்ணன் பார்த்துவிட்டு என்னைச் சத்தம் போட்டான்.

"பெரியப்பா, இந்த மெயினை எறக்காம மிஷினைப் போட்டீங்கன்னா கரண்டு ஒங்க வீட்டோட நிக்காது. வந்த வழியாவே போஸ்டுக்குத் திரும்பிப் போகும். அங்கிட்டு மேல நான் நிப்பேன். அப்புறம் என் கருமாதிச் சோறு ஒங்க வீட்டுலதான்."

"நான் ஆக்குற சோத்தை நீ செத்தாலும் திங்க மாட்டியேடா" என்றேன். சிரித்தான். என் கையைப் பிடித்து மெயின் சுவிட்சை ரெண்டு முறை இறக்கி ஏற்றிக் காட்டினான். எனக்கு நன்றாகப் புரிந்தது. நான் அறியாமல் செய்துவிட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வீடு வீடாகப் போய் வெற்றிலை வைத்துக் கூப்பிட்டேன். பார்ப்போம் என்றார்கள். அந்தப் பார்ப்போம் எனக்குத் தெரியும். ஊரில் எல்லோரும் கரண்டு போனால் என்ன செய்வது என்றுதான் ஏற்பாடு செய்வார்கள். போகாவிட்டால் என்ன செய்வது என்று நான் ஏற்பாடு செய்தேன். எங்கள் தெருவில் கடைசிக் கம்பம் என் வாசலில். அதற்கு வருகிற கம்பிக்கு மேலே என் பூவரச மரத்தின் காய்ந்த கிளை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஏணி வைத்து அதைப் பாதி அறுத்து, கயிறு கட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போட்டு, கடலை அவித்து, பானையில் மோர் கரைத்து வைத்தேன். ஆட்டம் தொடங்கியது. யாரும் வரவில்லை. ஒவ்வொரு வீட்டு டிவியிலும் ஒரே ஆள் பேசுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. என் டிவியிலும் அவன்தான் பேசினான். காலி நாற்காலிகளுக்கு நடுவில் பொழுது இறங்குகிறவரை பொறுத்திருந்தேன். பிறகு எழுந்து போய்க் கயிற்றை இழுத்தேன்.

கம்பி அறுந்து விழுந்தது. தெருவே ஒரு நொடியில் வாயை மூடியது. கம்பி கிடந்த இடத்தில் யாரும் மிதித்துவிடக் கூடாது என்று முள்ளை வெட்டிப் போட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணன் சொன்னபடி மெயினை இறக்கினேன். ஜெனரேட்டரைப் போட்டேன்.

வந்தார்கள். நாற்காலி பற்றாமல் தரையில் உட்கார்ந்தார்கள். பிரகதாம்பாள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஏண்ணே, ஊருக்கெல்லாம் இருட்டு, ஒங்களுக்கு மட்டும் வெளிச்சமா? கரண்டாபீசுல பொண்ணு கட்டியிருக்கீங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளே அடுப்படிக்குள் போய் டீ போட்டாள். சீனி டப்பா எங்கே என்று உள்ளேயிருந்து கேட்டாள். என் அடுப்படியிலிருந்து ஒரு குரல் என்னிடம் ஏதாவது கேட்டு எத்தனையோ வருசம் ஆகியிருந்தது. நானே எழுந்து போய் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.

அப்போதுதான் கண்ணன் வந்தான். லீவு நாள். அவனும் வீட்டில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவன்தான், யாரோ போன் செய்துவிட்டார்கள். ட்ரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கி அதைக் கையோடு பையில் போட்டு எடுத்து வந்திருந்தான். நான் பார்த்தேன். வாசலில் நின்று, "மெயினு எறங்கியிருக்கா பெரியப்பா?" என்றான்.

"எறக்கியாச்சு."

உள்ளே எட்டிப் பார்த்தான். "அடேங்கப்பா, கல்யாண வீடு கெட்டுச்சு. சித்த நேரம் பொறுங்க, கரண்டைக் குடுத்துர்றேன்."

நாளைக்குப் பார்த்துக்கொள்ளேன், நீயும் உட்கார்ந்து ஆட்டம் பார் என்று சொன்னேன். இதை நான் சொன்னேன் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. தெருவே இருட்டில் கிடக்கையில் எப்படிப் பெரியப்பா என்று ஏணியைச் சாத்தப் போய்விட்டான்.

பிரகதாம்பாள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "கரண்டு வந்துருதுன்னா வீட்டுலயே பாத்துக்கலாம். இங்க ஒரே புழுக்கமா இருக்கு" என்றாள். சொல்லிக்கொண்டே பேத்தியின் செருப்பைத் தேடினாள். இன்னும் ரெண்டு மூன்று பேர் எழுந்து வேட்டியைத் தட்டினார்கள்.

நான் வாசல் பக்கம் போனேன். போர்டு அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து வாசல் விளக்கு வெளிச்சத்தில் கம்பத்தின் மேல்பாதி தெரியும். கண்ணன் இடுப்புக் கயிற்றைப் போட்டுக்கொண்டு கம்பியைக் கையில் எடுக்கும்வரை காத்திருந்தேன். பிறகு மெயினை மேலே தள்ளினேன்.

வீட்டுக்குள் விளக்கு ஒரு முறை மங்கித் தெளிந்தது. ஆட்டத்தில் ஏதோ நடந்திருக்கவேண்டும், உள்ளே கை தட்டினார்கள். நான் மெயினை இறக்கிவிட்டேன். அதனால்தான் நீங்கள் வந்து பார்த்தபோது இறங்கியிருந்தது. அவன் பையிலிருந்த பியூஸையும் ராத்திரி கரண்டு கொடுக்க வந்தவர்கள் எடுத்து மாட்டிவிட்டார்கள். அதனால்தான் கண்ணன்மேல் தப்பு என்று உங்களுக்குத் தோன்றியது.

கொல்ல நினைக்கவில்லை. இந்த வேலையில் எத்தனையோ தடவை கரண்டு அடித்து உதறியிருக்கிறது என்று அவனே சொல்லியிருக்கிறான். ஒரு உதறு உதறினால் பயந்து இறங்கிவிடுவான், வேலை மறுநாளைக்குத் தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன். அவன் உடம்பு அதற்குத் தாங்காது என்று எனக்கு எப்படித் தெரியும்.

எல்லோரும் கம்பத்துக்கு ஓடினார்கள். ஓடினவர்கள் திரும்பி உள்ளே வரவில்லை. எடுத்த டீயைக்கூடக் குடிக்கவில்லை. ஆட்டம் முடிகிறவரை நான் ஜெனரேட்டரை நிறுத்தவில்லை. யாராவது திரும்பி வந்தால் இருட்டாக இருக்கக் கூடாது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். கண்ணன் பெண்டாட்டிக்கு வரவேண்டியது வரட்டும். போலீஸ் ஸ்டேஷன் இங்கிருந்து நடக்கிற தூரம்தான், நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன், துணைக்கு ஆள் வேண்டாம்.

"ஒரு ஆளைக் கொன்னுருக்கீங்க பெரியவரே. இனிமே அந்த வாசல்ல எவன் காலு வைப்பான்?" என்கிறீர்கள். நீங்கள் படித்தவர், ஆனால் வெளியூர்க்காரர். எங்கள் தெருவை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை தம்பி. நான் வாரேன். இன்னொரு தடவை கரண்டு போகட்டும், பார்க்கலாம்.