பூனைமீசைக் கஷாயம்

வாசுகி: என்னங்க, கதவத் தொறங்க! ஒண்ணுக்கு வந்துச்சா இல்லையா?

காளிதாஸ்: இரு லா… கொழாயத் தொறந்து விட்டிருக்கேன். தண்ணி சத்தம் கேட்டா தானா வரும்னு பக்கத்து வீட்டு ராஜம்மா அக்காதானே சொன்னாங்க?

வாசுகி: எவ்ளோ நேரமா தொறந்திருக்கு! தண்ணி பில்லுதான் ஏறுது.

காளிதாஸ்: ம்ஹும்… ரெண்டு சொட்டு. அவ்ளோதான்.

வாசுகி: அலமாக்! நேத்து ஹெர்னியா ஆப்பரேஷன் முடிச்சு அனுப்பும்போதே டாக்டர் சொன்னாருல்ல? இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒழுங்கா போகலன்னா திரும்ப வரணும், டியூப்பு போடணும்னு…

காளிதாஸ்: டியூப்பு பேச்சையே எடுக்காத! வர்றதும் உள்ள ஓடிருது.

வாசுகி: சரி, வெளிய வாங்க. மெதுவா… தையல் இழுக்கப் போவுது! இந்தாங்க, குடிங்க.

காளிதாஸ்: மறுபடியுமா? காலையில நெருஞ்சிமுள்ளு, அப்புறம் பார்லி… இது என்ன, பச்சையா?

வாசுகி: மிசாய் கூச்சிங். பூனைமீசை இலை! ராஜம்மா அக்கா வேலியோரத்துல பறிச்சுக் குடுத்தாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு ஒரே டம்ளர்ல தொறந்துகிச்சாம்!

காளிதாஸ்: அந்த மனுசனுக்கு வாயே மூடாது. இது எங்க மூடப் போவுது?

வாசுகி: உங்க வாயக் கொஞ்சம் மூடுங்க! இல்ல, தொறங்க… குடிங்க!

காளிதாஸ்: த்தூ… கசக்குது வாசு!

வாசுகி: அடி வரைக்கும்! ம்… ஏதாச்சும் தெரியுதா?

காளிதாஸ்: இப்பதானே தொண்டையையே தாண்டுது!

வாசுகி: ஐயையோ, ஹார்ன் அடிக்கிறான்! என்னோட சேனாய் பேக்டரி பஸ்ஸு வந்துருச்சு!

காளிதாஸ்: போகப் போறியா? என்னைய இந்த நெலமையில விட்டுட்டா?

வாசுகி: லீவுன்னாலே சூப்பர்வைசர் மூஞ்சி கோணிக்குதுங்க…

காளிதாஸ்: ஆ…! ஆ…! வாசு! வயிறு முட்டுது!

வாசுகி: நெசமாவா? புடிங்க, செவத்தப் புடிங்க! அண்ணே…! பஸ்ஸ எடுங்கண்ணே, நான் வரல! என் வீட்டுக்காரருக்கு முடியல!

காளிதாஸ்: …போயிருச்சா?

வாசுகி: போயிருச்சு. ரொம்ப வலிக்குதா?

காளிதாஸ்: இப்ப… பரவால்ல.

வாசுகி: அதுக்குள்ளயா?

காளிதாஸ்: திட்டாத வாசு… மத்தியானமே வந்துருச்சு. நல்லாவே வந்துச்சு. நான் விடிஞ்சா லாரி, நீ பொழுது போனா ஷிப்டு. வாசல்ல சாவி கைமாத்துறதோட சரி. இன்னிக்கு ஒரு நாளாச்சும் நீ பக்கத்துல இருந்தா நல்லாருக்கும்னு…

வாசுகி: தெரியும்.

காளிதாஸ்: என்னது?

வாசுகி: பின்னால துணி காயப்போடுறப்போ பாத்ரூம் ஜன்னல்ல கேட்டுச்சு. பாட்டு வேற பாடுனீங்க.

காளிதாஸ்: அடிப்பாவி! தெரிஞ்சேவா இந்தக் கசப்பக் குடிக்க வச்ச?

வாசுகி: பின்ன? எனக்கு மட்டும் உங்ககூட இருக்க ஆசை இருக்காதா? பஸ்ஸு போற வரைக்கும் எனக்கும் ஒரு சாக்கு வேணுமேங்க!